சூடிய பூவும் சுமந்த கொடியும்

சில வாரங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பில் புறத்திணை பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நிரை கவரச் செல்வோர் வெட்சி சூடுவர். மாற்றார் மண்மேற் செல்வோர் வஞ்சி சூடுவர். மதிலை வளைப்போர் உழிஞையும் மதிலைக் காப்போர் நொச்சியும் சூடுவர். நேர்நின்று பொருவோர் தும்பையும் வென்றோர் வாகையும் சூடுவர் என்று வழக்கம்போலக் கரும்பலகையில் எழுதி முடித்தேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சண்டைக்குப் போறவன் ஏன் சேர் பூ வைக்க வேணும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது.

விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி என மூவேந்தர் படைகளும் வெவ்வேறு பூச் சூடியது, இது இன்ன வேந்தனின் படை என்று களத்தில் தெரிந்துகொள்வதற்காகவே என்ற கருத்தைப் புறத்திணையியல் தருகிறது. அன்றைய சீருடை பூ. மாணவனுக்கு அதைச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டான். எனக்குத்தான் அது போதவில்லை. ஏனெனில் அடுத்த பாடவேளையில் நான் எடுக்க வேண்டியிருந்தது கோவூர் கிழாரின் பாட்டு. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்கிறான். வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டு நிற்கிறான். இருவருமே சோழர். ஆகவே இருவர் தலையிலும் ஆத்தி. உங்களில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று புலவர் இடையில் நின்று இடித்துரைக்கிறார்.

பகைவனைப் பிரித்தறியச் சூடிய பூ, ஒரே குடிக்குள் போர் மூண்டால் எதைப் பிரித்துக் காட்டும்? இந்தக் கேள்விதான், பல்கலைக்கழகத்தில் துணைப்பாடமாக வரலாறு கற்ற காலத்தில் வாசித்த ஒரு போரை எனக்கு மீண்டும் நினைவூட்டியது. 1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரே அது. உள்நாட்டுப் போர் என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்ல நம் நாட்டில் அகராதி வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் போரில் தொண்டர் படையணிகள் அணிந்த உடையையும் ஏந்திய கொடியையும் பற்றி அறிந்துகொள்வதில் நமக்கும் சிறிது பயன் உண்டு என்று கருதியே நேயர்களோடு இதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

போருக்கான காரணம் ஒளிவுமறைவற்றது. 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்த நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவக்கூடாது என்ற கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவானதும் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1861 ஏப்ரல் 12ஆம் திகதி சம்டர் கோட்டைமீது தென்னவர் பீரங்கித் தாக்குதல் தொடங்கினர். மூன்று நாள் கழித்து லிங்கன் 75,000 பேரைத் தொண்ணூறு நாள் சேவைக்கு அழைத்தார். அப்போது நாட்டின் நிரந்தரப் படை 16,000 பேரளவில்தான் இருந்தது. ஆகவே அந்தப் போரை நடத்தியவர்கள், இரு பக்கத்திலும், பெரும்பாலும் தொண்டர்களே.

தொண்டர் படையணி ஒன்று உருவான விதத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு படையணிக்குப் பத்துக் கொம்பனிகள். கொம்பனிக்கு நூறு பேரளவில். ஒவ்வொரு கொம்பனியும் பெரும்பாலும் ஓர் ஊரிலோ அயலூர்களிலோ திரட்டப்பட்டது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் ஆட்களைச் சேர்ப்பார். சேர்ந்தவர்கள் வாக்களித்துத் தங்கள் கப்டனைத் தெரிவு செய்வார்கள். ஒரே பாடசாலையில் படித்தவர்கள், ஒரே ஆலையில் மரம் அறுத்தவர்கள், அண்ணன் தம்பிகள், மைத்துனர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். இதனால் ஒரு வசதியும் ஒரு பேராபத்தும் உண்டாயின. அயலவன் பார்த்துக்கொண்டிருக்கையில் எவனும் எளிதில் புறமுதுகிடமாட்டான் என்பது வசதி. ஒரு பிற்பகல் சண்டையில் ஓர் ஊரின் இளைஞர் கூட்டம் முழுவதுமே அழிந்துவிடலாம் என்பது ஆபத்து.

உடையையும் கொடியையும் தொடக்கத்தில் ஊரும் மாநிலமுமே கொடுத்தன. மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாநில ஆளுநர் அலெக்சாந்தர் ராம்சி, சம்டர் கோட்டைச் செய்தி எட்டியபோது வொஷிங்டனில் இருந்தார். ஏப்ரல் 14ஆம் திகதியே ஆயிரம் பேரைத் தருவதாக முன்வந்தார். விவசாயிகளும் மரம் வெட்டுவோருமாகத் திரண்ட 1ஆம் மினசோட்டாப் படையணிக்கு முதலிற் கிடைத்தது சிவப்புக் கம்பளித் துணிச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமே. சென்ற் போல் நகரத்துப் பெண்கள் பட்டுக் கொடி ஒன்றை அளித்து வழியனுப்பி வைத்தார்கள். இந்தப் படையணியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் மீண்டும் இதனிடமே வருவோம்.

ஏனைய படையணிகளின் உடைகளோ திருவிழாக் கூட்டம்போல இருந்தன. ஸ்கொத்லாந்து வழிவந்தோரைக் கொண்ட 79ஆம் நியூயோர்க் கட்டம் போட்ட மலைநாட்டு உடையோடு புறப்பட்டது. இத்தாலியர், ஜேர்மனியர், ஹங்கேரியர் கலந்த 39ஆம் நியூயோர்க் கரிபால்டியின் பெயரைத் தாங்கி இறகு செருகிய தொப்பி அணிந்தது. எல்லாவற்றிலும் பெயர் பெற்றது சுவாவ் உடை. அல்ஜீரியாவின் மலைவாழ் மக்களிடமிருந்து பிரெஞ்சுப் படை எடுத்துக்கொண்ட இந்த உடையில் தொளதொளத்த சிவப்புக் காற்சட்டை, பின்னல் வேலை செய்த குட்டை மேலங்கி, குஞ்சம் தொங்கும் தொப்பி ஆகியவை இருந்தன. ஆபிரிக்க மலைக்குடியின் உடை பாரிஸ் வழியாக நியூயோர்க் தீயணைப்புத் தொண்டர்களின் உடலுக்கு வந்து சேர்ந்தது.

அந்தத் தீயணைப்போரைக் கொண்டு 11ஆம் நியூயோர்க் படையணியைத் திரட்டியவர் எல்மர் எல்ஸ்வேர்த். லிங்கனுக்கு நெருங்கியவர், வயது 24. வொஷிங்டனிலிருந்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தால் அலெக்சாந்திரியா நகர விடுதி ஒன்றின் உச்சியில் தென்னவர் கொடி பறப்பது தெரியும். 1861 மே 24ஆம் திகதி எல்ஸ்வேர்த் அந்த விடுதியின் மாடியேறிக் கொடியை இறக்கிக்கொண்டு படியால் வந்தார். விடுதிக்காரர் ஜேம்ஸ் ஜக்சன் அவரைச் சுட்டுக் கொன்றார். உடன் வந்த கோப்ரல் அடுத்த கணமே ஜக்சனைச் சுட்டுக் கொன்றார். ஒரு துண்டுத் துணிக்காக இரண்டு உயிர். வடக்கே எல்ஸ்வேர்த்தும் தெற்கே ஜக்சனும் தியாகிகளாகப் போற்றப்பட்டார்கள். பெரிய சண்டை ஒன்றும் தொடங்காத வேளையில் நடந்த சம்பவம் இது.

முதற் பெருஞ்சண்டை 1861 ஜூலை 21ஆம் திகதி, வேர்ஜினியாவில் புல் ரன் ஓடையருகே நடந்தது. வடவர் நீலம், தென்னவர் சாம்பல் என்று பிற்காலப் படங்களில் நாம் காண்பது அன்று நிலைபெற்றிருக்கவில்லை. வடக்கின் 2ஆம் விஸ்கொன்சின் சாம்பல் நிற உடையில் வந்தது. தன் பக்கத்தவராலேயே சுடப்பட்டது. தெற்கின் 33ஆம் வேர்ஜினியா நீல உடையில் வந்தது. ஹென்றி குன்றின்மீது வடவர் பீரங்கிகளுக்குப் பொறுப்பாயிருந்த கிரிபின், நெருங்கி வருவோரைச் சுட ஆயத்தமானார். அவர்கள் நமக்குத் துணையாக வரும் காலாட்கள் என்று மேலதிகாரி தடுத்துவிட்டார். நீல உடையினர் கிட்ட வந்து ஒரே வீச்சில் சுட்டுப் பீரங்கிகளைக் கைப்பற்றினார்கள். அன்றைய சண்டை வடவருக்குத் தோல்வியாக மாறியதில் இந்தத் தவறுக்கும் பங்குண்டு.

கொடியும் அதே குழப்பத்தைத்தான் தந்தது. தென்னவரின் முதற் கொடி, பிரிந்து வந்த நாட்டின் கொடியைப் போலவே நட்சத்திரங்களும் பட்டைகளும் கொண்டது. காற்றில்லாமல் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும்போது எது எவருடையது என்று தெரியாது. தூரத்தில் ஒரு படை வருவதைக் கண்ட தென்னவர் தளபதி போறிகார்ட், அது நட்போ பகையோ என்று அறியாமல் தவித்தார். அந்த அனுபவத்தின் பின்னரே சிவப்புத் தரையில் நீலச் சாய்குறுக்கும் வெண்ணட்சத்திரங்களும் கொண்ட போர்க்கொடி உருவாயிற்று. அதன் முதல் மூன்று பிரதிகளை ரிச்மண்டில் கேரி குடும்பத்துச் சகோதரிகளும் ஒன்றுவிட்ட சகோதரியுமாக மூன்று பெண்கள் பட்டில் தைத்துக் கொடுத்தனர். சோழன் தலையிலும் சோழன் தலையிலும் ஆத்தி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புல் ரன் ஓர் உரை எனலாம்.

அதன் பின்னர் உடை மெல்ல மெல்ல ஒழுங்குபட்டது. வடக்கின் ஆலைகள் நீலத் துணியை மலைமலையாக நெய்தன. முதலாண்டில் சில ஒப்பந்தக்காரர் கந்தல் கம்பளியை அரைத்துப் பசையிட்டு அழுத்திய துணியில் உடை தைத்து இலாபம் ஈட்டினார்கள். மழை பட்டதும் அது நைந்துபோயிற்று. அந்தத் துணிக்கு வழங்கிய ஷொடி என்னும் பெயர், ஆங்கிலத்தில் தரங்கெட்டது என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது. மொழி ஆசிரியனாகிய எனக்கு இது சுவையான செய்தி. அதை உடுத்து மழையில் நின்றவனுக்கு அவ்வாறு இருந்திராது. தெற்கிலோ துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டுச் சாயமும் துணியும் அருகின. வாதுமை இனக் காய்த்தோலில் சாயமிட்ட மங்கிய பழுப்பு நிறமே பலருக்குச் சீருடையாயிற்று.

சீருடை ஒழுங்குபட்ட பின்னும் கொடியின் தேவை குறையவில்லை. கறுப்பு வெடிமருந்துப் புகையில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. இரைச்சலில் கட்டளை கேளாது. அப்போது வீரனுக்குத் தெரிவது கொடி ஒன்றே. அது முன்னே போனால் இவனும் போவான், நின்றால் நிற்பான். வடவர் படையணி ஒவ்வொன்றும் நாட்டுக் கொடி ஒன்றும் படையணிக் கொடி ஒன்றுமாக இரண்டு பட்டுக் கொடிகளை ஏந்திற்று. ஆறடி உயரமும் ஆறரை அடி நீளமும் கொண்டவை அவை. ஏந்துபவனிடம் துப்பாக்கி இருக்காது. தன் படையணிக்கு வழிகாட்டும் அதே துணி எதிரிக்கு இலக்கையும் காட்டிக் கொடுத்தது. 1863 ஜூலை 1ஆம் திகதி கெற்றிஸ்பேர்க்கில் 26ஆம் வட கரோலினாவின் கொடியைத் தூக்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பத்துக்கு மேற்பட்டோர் சுடப்பட்டு வீழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் அந்தப் படையணியின் கேணல் ஹென்றி பேர்க்வின். அவருக்கு வயது 21. எதிரே நின்ற 24ஆம் மிச்சிகன், 496 பேருடன் களம் புகுந்து 363 பேரை இழந்தது. அதன் கொடி தாங்கியவர்களும் அடுத்தடுத்து வீழ்ந்தார்கள்.

பூ என்று தொடங்கினேன். அமெரிக்கப் போரிலும் உண்மையாகவே இலை சூடிய படை ஒன்று உண்டு. நியூயோர்க்கில் குடியேறிய ஐரிஷ் மக்களைக் கொண்ட படைத்தொகுதி, யாழ் பொறித்த பச்சைக் கொடிகளை ஏந்துவது வழக்கம். 1862 டிசம்பர் 13ஆம் திகதி பிரெடெரிக்ஸ்பேர்க்கில் நியூயோர்க் படையணிகளின் பச்சைக் கொடிகள் கைவசம் இல்லை. கிழிந்துபோனவை, புதியவைக்காக அனுப்பப்பட்டிருந்தன. தளபதி தோமஸ் மீகர் வேலிச் செடியின் பச்சைக் கொத்தை ஒடித்துத் தொப்பியில் செருகிக்கொள்ளுமாறு சொன்னார். நமது கரந்தையும் தும்பையும் போலப் பச்சை சூடி, 1200 பேரளவில் கல்மதில் ஒன்றை நோக்கி ஏறினார்கள். 500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காயமுற்றோ போயினர். மதிலின் பின்னால் நின்ற ஜோர்ஜியாப் படையணி ஒன்றின் தளபதியாகிய ரொபேர்ட் மக்மிலனும் அயர்லாந்தில் பிறந்தவரே. மதிலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே மண்ணின் பிள்ளைகள். கோவூர் கிழார் அங்கே இருந்திருந்தால் புதிதாக ஒன்றும் பாட வேண்டியிருந்திராது.

எனினும் இரு பக்கமும் ஒன்றே என்று சொல்லி முடித்துவிட்டால் அது பொய்யாகும். சீருடை அணிவதே விடுதலையாக இருந்தவர்களும் அந்தப் போரில் இருந்தார்கள். 1863இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் கறுப்பின வீரர்களைக் கொண்டு 54ஆம் படையணியைத் திரட்டியது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து உலகறிந்த பேச்சாளரான பிரெடெரிக் டக்ளஸின் புதல்வர் இருவர் அதில் சேர்ந்தனர். வெள்ளையின வீரனுக்கு மாதம் 13 டொலர். கறுப்பின வீரனுக்கு 10 டொலர். அதிலும் உடைக்கென்று 3 டொலர் கழிக்கப்பட்டது. ஒரே நீல உடை. ஒருவன் அதற்கு விலை செலுத்த வேண்டும், மற்றவன் செலுத்த வேண்டியதில்லை. அவர்கள் சம்பளத்தையே வாங்க மறுத்தார்கள். குறையும் தொகையை நாங்கள் தருகிறோம் என்று மாநில அரசு முன்வந்தபோதும் மறுத்தார்கள். அவர்கள் கேட்டது தொகையை அன்று, சமத்துவத்தை. சம்பளமின்றியே சண்டையிட்டார்கள். 1864 ஜூனில்தான் காங்கிரஸ் சம ஊதியச் சட்டத்தை நிறைவேற்றியது.

இடையில், 1863 ஜூலை 18ஆம் திகதி மாலை, சார்ள்ஸ்டன் துறைமுகத்தருகே வாக்னர் கோட்டையைத் தாக்க அவர்கள் அனுப்பப்பட்டனர். 600 பேரளவில் சென்றதில் 270க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ காணாமற்போயோ விட்டனர். அவர்களை நடத்திய வெள்ளையினக் கேணல் ரொபேர்ட் ஷோவும் வீழ்ந்தார். தென்னவர் அவரைத் தம் வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தனர். இழிவு என்று எண்ணிச் செய்ததை அவர் தந்தை பெருமையாக ஏற்றுக்கொண்டு, உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்றார். கொடி தாங்கியவன் வீழ்ந்ததும் அதைப் பற்றிக்கொண்டவர் சார்ஜன்ட் வில்லியம் காணி. வேர்ஜினியாவில் அடிமையாகப் பிறந்தவர். பல காயங்களோடு தவழ்ந்து திரும்பி, கொடி நிலத்தைத் தொடவில்லை என்று தோழர்களிடம் சொன்னார். அந்தச் செயலுக்கான உயர் வீரப்பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது 1900ஆம் ஆண்டில்; முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து.

இனி மினசோட்டாக்காரரிடம் வருவோம். சிவப்புச் சட்டை எப்போதோ போய், நீல உடையோடு அவர்கள் கெற்றிஸ்பேர்க்கில் நின்றார்கள். ஜூலை 2ஆம் திகதி மாலை வடவர் அணியில் ஓர் உடைப்பு ஏற்பட்டது. துணைப்படை வந்து சேரச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தன. தளபதி ஹன்கொக் கைக்கெட்டிய இந்தச் சிறு படையணியை, பன்மடங்கு பெரிய அலபாமாப் படைமீது பாயுமாறு பணித்தார். மரபாகச் சொல்லப்படும் கணக்கின்படி பாய்ந்தோர் 262, வீழ்ந்தோர் 215. கொடி ஐந்து முறை விழுந்தது. ஐந்து முறையும் இன்னொருவர் எடுத்தார். மறுநாள் எஞ்சியோரோடு அவர்கள் மீண்டும் சண்டையிட்டபோது, மார்ஷல் ஷேர்மன் என்னும் சாதாரண வீரர் 28ஆம் வேர்ஜினியாவின் கொடியைக் கைப்பற்றினார். அந்த வேர்ஜினியரும் தங்கள் ஊர்களிலிருந்து அண்ணன் தம்பியாகச் சேர்ந்து வந்தவர்களே.

போர் 1865இல் முடிந்தது. இறந்தோர் 6 இலட்சத்து 20 ஆயிரம் என்பது பழைய கணக்கு. அண்மைக்கால ஆய்வுகள் 7 இலட்சத்தையும் அதற்கு மேலும் சொல்கின்றன. கைப்பற்றப்பட்ட கொடிகள் வொஷிங்டனில் கிடந்தன. 1887இல் ஜனாதிபதி கிளீவ்லண்ட் அவற்றை உரிய மாநிலங்களுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். வடக்கின் முன்னாள் போர்வீரர்கள் கொதித்தெழுந்ததும் கட்டளையை மீளப்பெற்றார். 1905இல் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே கொடிகள் திரும்பின. 28ஆம் வேர்ஜினியாவின் கொடி திரும்பவில்லை. அது மினசோட்டாவின் வரலாற்றுச் சங்கத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் வேர்ஜினியா கேட்டது. 2013இல் மறுபடியும் கேட்டது. எங்கள் பிள்ளைகளின் இரத்தத்தால் பெற்றது, தரமாட்டோம் என்ற பொருள்பட மினசோட்டா மறுத்துவிட்டது. போரைக் கண்டவர் எவரும் உயிரோடில்லாத காலத்து வழக்கு இது.

மூன்று பெண்கள் பட்டில் தைத்த அந்தப் போர்க்கொடிக்கோ வேறு கதி நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் கறுப்பின மக்களுக்குச் சம உரிமையை மறுத்தோர் அதைத் தம் சின்னமாக உயர்த்தினர். 2015 ஜூனில் சார்ள்ஸ்டன் தேவாலயம் ஒன்றில் வழிபட்டுக்கொண்டிருந்த ஒன்பது கறுப்பின மக்கள் இனவெறியன் ஒருவனாற் கொல்லப்பட்ட பின், மறு மாதம் தென் கரோலினாவின் அரசமன்ற வளவிலிருந்து அந்தக் கொடி இறக்கப்பட்டது. நண்பனை அடையாளங்காண்பதற்கென்று பிறந்த துணி, நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னும் பகையை அடையாளங்காட்டிக்கொண்டே இருந்தது.

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது எனக்குக் கொடிகளைவிட அதிகம் தோன்றுவது வகுப்பு இடாப்பு. நான் மாணவனாயிருந்த காலத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது பதில் வராத பெயர்கள் இருந்தன. சிலர் இடம்பெயர்ந்திருந்தார்கள். சிலரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வகுப்பாசிரியர் ஒரு கணம் தாமதித்து அடுத்த பெயருக்குப் போவார். அந்தப் பெயர்களை அவர் வெட்டிவிடவில்லை. தவணை முடியும் வரை கூப்பிட்டார். ஒரே ஊரிலிருந்து நூறு பேர் ஒரு வரிசையில் போன அமெரிக்கச் சிற்றூர்களின் பாடசாலைகளில் அந்தத் தாமதம் எவ்வளவு நீண்டிருக்கும்! கொடியைப் பேழைக்குள் வைத்துக் காக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். பெயரைக் கூப்பிடுவது அதற்கு முன் செய்ய வேண்டிய கடமை என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம் அந்த மாணவனுக்கு மினசோட்டாக் கதையைச் சொன்னேன். "அப்ப சேர், அந்தக் கொடியைக் குடுக்கிறதோ, குடுக்காமல் விடுறதோ சரி?" என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. வகுப்பையே கேட்டேன். சிறிது நேரத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மணியடித்த பின்னும் வாதம் ஓயவில்லை. கரும்பலகையில் அன்று காலை எழுதிய ஆத்தி என்ற சொல் அழிபடாமல் இருந்தது. அதை அழிக்காமலே வகுப்பை விட்டு வந்தேன்.